அரைத்த இறைச்சிக்குள் பருப்பு: ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உரும்பிராயிலிருந்து கனடாவில் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், நான்கு மாணவர்கள் ஒரு பேஸ்மென்ற் வீட்டில் ஒன்றாகச் சமைக்கிறீர்கள் என்றும், வாரம் இரண்டு தட்டு அரைத்த இறைச்சி வாங்கினாலும் அது இரண்டு இரவுக்குமேல் நிற்பதில்லை என்றும் எழுதியிருந்தீர். பருப்போ கடலையோ சேர்த்து அதைப் பெருக்கலாமா, சேர்த்தால் கறி கறியாக இருக்குமா என்பது உம்முடைய கேள்வி. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, "இறைச்சிக்குள்ளே ஆரும் பருப்புப் போடுவினமோ" என்று அவர் சிரித்ததாகவும் சொல்லியிருந்தீர். நான் முப்பது ஆண்டுகளாக ரொறன்ரோவில் இருப்பவன். அதில் பதினொரு ஆண்டுகள் உணவகச் சமையலறைகளில் கழிந்தன. இப்போது விடுமுறைக்கு வந்து, கோண்டாவிலில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்தபடி இதை எழுதுகிறேன்.

தாராளமாகச் சேர்க்கலாம். அம்மாவின் சிரிப்புக்கு நீர் கூச்சப்படவும் வேண்டியதில்லை. அவர் சுடும் மட்டன் ரோல்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாரும். ஒரு கிலோ ஆட்டிறைச்சியைச் சிறிதாக வெட்டி, அதே அளவோ அதற்கு மேலோ உருளைக்கிழங்கு சேர்த்துப் பிரட்டித்தான் பிறந்தநாளுக்கு வந்த அத்தனை பேருக்கும் ரோல்ஸ் சுடுகிறோம். அதை எவரும் கஞ்சத்தனம் என்று சொல்வதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் அரைக் கிலோ இறைச்சி எட்டுப் பேருக்குப் போதவேண்டும். அதற்குள் பலாக்கொட்டையோ வாழைக்காயோ விழாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவில்லை. பலாக்கொட்டைக்காகச் சண்டை பிடித்தோமே தவிர இறைச்சி குறைந்தது என்று அழவில்லை. ஆகவே, இறைச்சியைப் பெருக்குவது எங்களுக்குப் பழகிய வேலைதான்; அங்கே பலாக்கொட்டைக்குப் பதிலாகப் பருப்பு வருகிறது, அவ்வளவே.

அந்தப் பருப்பும் உமக்கு அந்நியமானதல்ல. நாங்கள் வெறுமனே "பருப்பு" என்று சொல்லுகிற சிவப்பு மைசூர்ப் பருப்பின் பெரும்பகுதி இலங்கைக்கு வெளிநாட்டிலிருந்தே வருகிறது. இந்தப் பருப்பும் அடங்கும் லென்டில் வகைகளை உலகில் மிகக் கூடுதலாக ஏற்றுமதி செய்யும் நாடு கனடா, அதில் பெரும்பங்கு சஸ்கச்சுவான் மாகாணத்து வயல்களில் விளைவது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அக்கா நிறுத்து வாங்குகிற பருப்பை, அது இவ்வளவு விளையும் நாட்டிலேயே இருந்துகொண்டு நீர் வாங்காமல் விட்டால் எப்படி? ஒன்றைக் கவனியும்: பெரிய பல்பொருள் அங்காடிகளில் அழகான சிறிய பொதியில் இருக்கும் லென்டிலும், எங்கள் ஆட்களின் கடைகளிலும் இந்தியக் கடைகளிலும் இரண்டு கிலோ, நான்கு கிலோப் பைகளில் இருக்கும் பருப்பும் ஒன்றுதான், விலைதான் வேறு.

ஆனால் எந்தப் பருப்பு என்பதில்தான் புதிதாக வருகிற பலர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். வந்த முதற் குளிர்காலத்தில், ஒரு தட்டு அரைத்த மாட்டிறைச்சிக்குள் அதேயளவு சிவப்புப் பருப்பைப் பச்சையாகக் கொட்டி, தண்ணீர் விட்டு மூடிவைத்தேன். அரை மணி நேரத்தில் சட்டிக்குள் இருந்தது கஞ்சி. அதற்குள் இறைச்சி மணல்போலக் கிடந்தது. கூட இருந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் பாணை எடுத்துத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் தொடக்கம் என்னைப் பாத்திரம் கழுவ மட்டும் விட்டார்கள். சிவப்புப் பருப்பு தோல் நீக்கி இரண்டாக உடைத்தது. பதினைந்து நிமிடத்தில் கரைந்துவிடுவதுதான் அதன் இயல்பு. இறைச்சியைப் போலச் சட்டிக்குள் மணிமணியாக நிற்க வேண்டுமென்றால், தோலுடன் கூடிய முழு மைசூர்ப் பருப்பைத்தான் வாங்கவேண்டும். அதன் தோல் கபில நிறமானது, வெந்த பின்னும் உருவம் குலையாது, கறித்தூளில் பிரண்டபின் அரைத்த இறைச்சிக்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இனி அளவு. அங்கே பொதுவாகக் கிடைக்கும் ஒரு தட்டு ஒரு இறாத்தல், அதாவது 454 கிராம். தண்ணீரும் கொழுப்பும் போய் வெந்தபின் அது ஏறக்குறைய முக்கால் பங்காகிவிடும். முக்கால் கோப்பை காய்ந்த பருப்பு, அதாவது 150 கிராம் அளவு, வெந்தால் இரண்டரை மடங்காகப் பெருகி 375 கிராம் வரை வரும். ஆகவே ஒரு தட்டு இறைச்சியும் முக்கால் கோப்பைப் பருப்பும் சேர்ந்தால் சட்டியில் இருப்பது இரண்டு மடங்காகிறது. காய்ந்த பருப்பில் நூற்றுக்கு 24, 25 பங்கு புரதம் என்பதால், இந்தச் சேர்க்கையில் புரதம் குறைவதற்குப் பதிலாகக் கூடவே செய்கிறது. ஆனால் முதல் தடவையே இந்த அளவுக்குப் போகவேண்டாம். கால் கோப்பையில் தொடங்கி, மற்ற மூவரின் நாக்கும் வயிறும் பழகப் பழகக் கூட்டும். பயறு, கடலை வகைகள் பழகாத குடலில் வாயுவை உண்டாக்கும். நான்கு பேர் ஒரே பேஸ்மென்றில் இருக்கும்போது இதைக் கவனித்துத்தான் ஆகவேண்டும்.

செய்முறையில் நான் வற்புறுத்துவது, இரண்டையும் ஒன்றாக அவிக்காதீர் என்பதைத்தான். பருப்பைக் கழுவி, மஞ்சள் போட்ட வெறுந் தண்ணீரில் தனியாக அவியும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் விரலால் நசித்தால் நசியும், ஆனால் முழுதாக நிற்கும். புளியோ தக்காளியோ தேசிக்காயோ இந்தக் கட்டத்தில் கிட்டவும் வரக்கூடாது. புளிப்பு இருந்தால் பருப்பு இளக நெடுநேரம் பிடிக்கும். வடித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் எடுத்து வையும். பிறகு கனமான தாச்சியை நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் விடாமல் இறைச்சியைப் பரப்பிப் போட்டு, ஓரிரு நிமிடம் கிண்டாமல் விடும். அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக வரும்போது எழும் மணமும் சுவையுமே இனிச் சட்டி முழுவதற்கும் போதவேண்டிய மூலதனம். உறைந்த இறைச்சியைப் பாதி இளகிய நிலையில் போட்டால் அது தண்ணீர் விட்டு வெள்ளையாக அவியுமே தவிரப் பொரியாது. அப்படி அவிந்த இறைச்சிக்குள் எந்தப் பருப்பைக் கலந்தாலும் நோயாளிச் சாப்பாடு போலத்தான் இருக்கும்.

இறைச்சி நிறம் மாறியதும் அதை வழித்தெடுத்துவிட்டு, தாச்சியில் நிற்கும் கொழுப்பிலேயே வெங்காயம், உள்ளி, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கிடைத்தால் ரம்பை, ஒரு சிட்டிகை பெருஞ்சீரகம் ஆகியவற்றை வதக்கி, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய கறித்தூளைப் போட்டுப் பச்சை மணம் போகப் பிரட்டும். அதற்குள் முதலில் போகவேண்டியது இறைச்சியல்ல, பருப்பு. ஐந்து நிமிடம் அந்தக் கொழுப்பையும் தூளையும் பருப்பு குடிக்கட்டும். பிறகு இறைச்சியைத் திருப்பிப் போட்டு, வடித்து வைத்த தண்ணீரில் அரைக் கோப்பை விட்டு, வற்றும்வரை பிரட்டி இறக்கும்போது தேசிக்காய் பிழியும். உப்பும் தூளும் இறைச்சியின் அளவுக்கல்ல, சட்டி முழுவதன் அளவுக்குப் போடவேண்டும். "பருப்புப் போட்டால் சப்பென்று இருக்கிறது" என்று குறை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் பழைய அளவுக்கே உப்புப் போட்டவர்கள்தான். இந்தப் பிரட்டல் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் பொருந்தும். மிஞ்சினால் மறுநாள் கொத்துரொட்டிக்குள் போகும்.

கொழுப்பைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லவேண்டும். கனடாவில் அரைத்த மாட்டிறைச்சியைக் கொழுப்பின் உச்ச அளவை வைத்து நான்காகப் பிரித்து விற்கிறார்கள்: ரெகுலர் என்றால் நூற்றுக்கு 30, மீடியம் 23, லீன் 17, எக்ஸ்ட்ரா லீன் 10. பருப்புச் சேர்க்காத சமையலில் மலிவான வகை எண்ணெயாக மிதக்கும். பருப்புச் சேர்க்கும்போது அந்தக் கொழுப்புக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. ஆகவே கூடுதல் காசு கொடுத்து எக்ஸ்ட்ரா லீன் வாங்கி, பிறகு தனியாக எண்ணெய் விடுவது வீண்செலவு. மீடியம் வாங்கும், மிகையாக நின்றால் இரண்டு கரண்டி வழித்தெடும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் ஒருவர் உங்கள் நால்வரில் இருந்தால், அரைத்த வான்கோழியோ கோழியோ இதே முறைக்குப் பொருந்தும். அவற்றில் கொழுப்புக் குறைவு என்பதால் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் தொடங்கவேண்டும். ஆட்டிறைச்சியை ஹலால் கடைகளில் கீமா என்று கேட்டால் அரைத்துத் தருவார்கள், ஆனால் மாணவர் பணப்பைக்கு அது மாதம் ஒருமுறைதான்.

சிவப்புப் பருப்பை நான் ஒதுக்கிவிட்டதாக நினைக்கவேண்டாம். ஸ்பகட்டிக்குத் தக்காளியும் இறைச்சியும் சேர்த்துக் குழம்பு செய்யும்போது, தனியாகக் கரைய அவித்த சிவப்புப் பருப்பு ஒரு கோப்பை சேர்த்தால் அது தடித்து, நூலோடு ஒட்டும். அங்கே கரைவதுதான் தேவை. கட்லட்டுக்கு அவித்த கொண்டைக்கடலை நல்லது. களியாக அரைக்காமல் கையால் கரகரப்பாக மசித்து, உருளைக்கிழங்கில் பாதியைக் குறைத்துவிட்டு இதைச் சேர்க்கலாம். ரின்னில், அதாவது தகரப் பேணியில், அடைத்த கடலை என்றால் வடித்து, கழுவி, துணியில் ஈரம் ஒற்றிய பிறகே மசிக்கவேண்டும். ஈரம் நின்றால் எண்ணெயில் கட்லட் வெடித்துப் பிரியும். கழுவும்போது ரின்னில் இருக்கும் உப்பிலும் ஒரு பங்கு போய்விடும். சோயாமீற் பற்றி உமக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கையால் உதிர்த்து, இறைச்சியோடு சேர்த்து வறுத்தால் போதும்.

சிவப்பு ராஜ்மா எனப்படும் பெரிய அவரை விதையில் மட்டும் விளையாடவேண்டாம். அங்கே சில்லி என்று ஒரு சாப்பாடு உண்டு; அரைத்த இறைச்சி, தக்காளி, இந்த விதை, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்ந்த கூட்டு; பாணோடு சாப்பிட எங்கள் வாய்க்கு நன்றாகவே பிடிக்கும். வந்த இரண்டாம் ஆண்டில், யாரோ கழித்த ஸ்லோ குக்கர் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. காய்ந்த விதையை ஊறவும் வைக்காமல் அதற்குள் போட்டு, காலையில் வேலைக்குப் போய், இரவு வந்து மூவரும் சாப்பிட்டோம். மூன்று மணி நேரம் கழியவில்லை, குளியலறைக் கதவுக்கு வரிசையில் நின்றோம். காரணம் பிறகுதான் விளங்கியது. இந்த விதையில் லெக்டின் வகை நச்சுப் புரதம் ஒன்று இருக்கிறது. அது அழிவதற்கு விதையை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கக் கொதிக்க அவிக்கவேண்டும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூடு அதற்குப் போதாது. அரைகுறைச் சூட்டில் நச்சு இன்னும் வீரியமாகலாம். ஆகவே அடுப்பில் கொதிக்கவைத்த பிறகே அதற்குள் மாற்றவேண்டும். அழுத்தச் சமையற் பாத்திரத்தில் அவிப்பதானால் இந்தப் பயமில்லை. ரின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது. 540 மில்லிலீற்றர் ரின் ஒன்று ஒரு தட்டு இறைச்சிக்குச் சரியாக இருக்கும்.

சத்தைப் பற்றி அம்மா கவலைப்பட்டால் சொல்லுவதற்கு இரண்டு விடயங்கள் உண்டு. பருப்பில் இரும்புச்சத்து இருந்தாலும் உடல் அதை இலகுவில் உறிஞ்சிக்கொள்ளாது. ஆனால் அதே வேளைச் சாப்பாட்டில் சிறிதளவு இறைச்சி இருந்தால் உறிஞ்சுவது கூடுகிறது, தேசிக்காய்ப் புளியில் இருக்கும் உயிர்ச்சத்து சியும் அதற்கு உதவுகிறது. அந்த வகையில் இறைச்சியும் பருப்பும் தேசிக்காயும் ஒரே சட்டியில் சேர்வது நல்ல கூட்டு. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் எங்கள் பழக்கம் இதற்கு எதிரானது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியும். மற்றது, உயிர்ச்சத்து பி12 பருப்பில் இல்லை. அதனால் இறைச்சியையோ மீனையோ முட்டையையோ முற்றாகக் கைவிட்டுவிடவேண்டாம்.

கடைசியாக, வாங்கி வைப்பது. அரைத்த இறைச்சி முழுத் துண்டைப்போல் அல்ல, மேற்பரப்பில் இருக்கும் கிருமி அரைக்கும்போது உள்ளே எல்லா இடமும் போய்விடும். குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாளுக்குமேல் வைக்கக்கூடாது. உருண்டையாகவோ தட்டையாகவோ பிடித்துப் பொரிப்பதானால் நடுப்பகுதி மாட்டிறைச்சிக்கு 71 பாகை செல்சியஸ், கோழிக்கும் வான்கோழிக்கும் 74 பாகை வரவேண்டும். உறைபெட்டியில் இரண்டு, மூன்று மாதம் நிற்கும். மலிவு விலை போட்ட வாரத்தில் பெரிய தட்டாக வாங்கி, ஒரு இறாத்தலாகப் பிரித்து, பைகளில் தட்டையாக அழுத்தி உறையவிடும். தட்டையாக இருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு இரவில் முழுதாக இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோப்பைப் பருப்பை ஒன்றாக அவித்து அதையும் இப்படியே பைகளில் போட்டால், வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வரும் நாளில் இருபது நிமிடத்தில் சாப்பாடு ஆயத்தமாகும். ஒவ்வொரு பையிலும் திகதியை எழுதிவிடும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் எந்தப் பை எப்போது வைத்தது என்று கேட்டால் மூன்று பேருக்குத் தெரியாது.