மான் தாளைத் தின்றால் என்ன செய்வது?

வணக்கம் அண்ணா,

நான் திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். கோட்டைக்குள் நின்று ஒரு செய்தியாளர் நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த மான் அவர் கையிலிருந்த குறிப்புத்தாளை இழுத்துத் தின்றுவிட்டது. அவரோ ஒன்றும் நடக்காத மாதிரி பேசிக்கொண்டே போனார். வீட்டில் எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரிக்கிறார்கள். அடுத்த மாதம் எனக்கும் இதே வேலை. சிரிப்பது சரியா? எனக்கு இப்படி நடந்தால் என்ன செய்ய?

ஒரு வாசகி

தங்கச்சி,

சிரிக்கட்டும், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சனம் எதற்குச் சிரித்தது என்று யோசித்துப் பாரும். திருகோணமலையில் மான் தாள் தின்பது புதினமா? கோட்டையிலும் பஸ் நிலையத்திலும் அதுகள் பொலிதீனையே விட்டு வைப்பதில்லை. பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அவர் மட்டும் தெரியாத மாதிரி நடித்தாரே, பகிடி அங்கேதான் இருக்கிறது. "தாளை மான் கொண்டுபோயிட்டுது, மிச்சத்தை ஞாபகத்தில் இருந்து சொல்கிறேன்" என்றிருந்தால் வீடியோ அன்றைக்கே மறந்துபோயிருக்கும்.

2018 செப்டெம்பரில் ஃபுளோரன்ஸ் சூறாவளி அமெரிக்காவின் வில்மிங்டனைத் தாக்கியபோது, வெதர் சனல் என்ற வானிலைத் தொலைக்காட்சியின் செய்தியாளர் மைக் சைடெல் காற்றோடு மல்லுக்கட்டிச் சாய்ந்து நின்றார், அவருக்குப் பின்னால் இரண்டு பேர் கடைக்குப் போகிறவர்கள் மாதிரி சாவகாசமாக நடந்துபோனார்கள். அவர் ஈரப்புல்லில் நின்றார், நள்ளிரவு தாண்டியும் வேலை செய்து களைத்திருந்தார், அவர்கள் கொங்கிரீட்டில் நடந்தார்கள் என்று சனல் விளக்கம் கொடுத்தது. உண்மையாகவும் இருக்கலாம். யார் கேட்டார்கள்! இங்கே கச்சான் காற்றில் குடை பிடித்துப் பார்த்த எவருக்கும் எது காற்று, எது நடிப்பு என்று தெரியும்.

இன்னொன்று. முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும், களத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியாது, அவர் முன்னால் இருப்பது பெரும்பாலும் கமராக் கண்ணாடி ஒன்றுதான். ஆகவே கமராக்காரரோடு முன்கூட்டியே ஒரு கைச்சைகை பேசி வையும்.

காதுக்குள் இருக்கிற இயர்போன்தான் மானை விட ஆபத்து. நேரலை செய்மதி வழியாகப் போனால், அந்தச் செய்மதி பூமியிலிருந்து கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது, சத்தம் மேலே போய்க் கீழே வரக் கால் வினாடி எடுக்கும். கேள்வி வந்து உமது பதில் திரும்பிப் போக அரை வினாடி. செய்மதிக்குப் பதிலாக, சிம் காட்டுகள் பலவற்றின் இணைப்பைச் சேர்த்துப் படத்தை அனுப்பும் கருவிப் பை என்றால் இன்னும் தாமதமாகலாம். அந்த இடைவெளியில்தான் செய்தியாளர் கமராவைப் பார்த்துப் பொம்மை மாதிரித் தலையாட்டிக்கொண்டு நிற்பார், கலையகத்தில் இருப்பவர் கேட்கவில்லையோ என்று நினைத்து இரண்டாம் தரம் கேட்பார், இருவரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடுவார்கள். உமது குரலே தாமதித்து உமது காதுக்குத் திரும்பி வந்தால் கதை முடிந்தது, பெரும்பாலான பேச்சாளர்களுக்கு நாக்குக் குழறும். வேலைக்குச் சேர்ந்ததும் "என் குரலை எனக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்" என்று கலையகத்தில் சொல்லி வையும், வெட்கப்பட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அட்லாண்டா கதை. 2017 நவம்பர் 20, ஜோர்ஜியா டோம் என்ற அரங்கை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். வெதர் சனல் கமராக்காரர் ஒருவர் ஏறக்குறைய நாற்பது நிமிடம் காத்திருக்கிறார். வெடி வெடிக்கிற நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து கமராவுக்கு முன்னால் நிற்கிறது, அரங்கு விழுந்து முடியும் மட்டும் நிற்கிறது. மனுஷன் மறைக்கவில்லை, பஸ்ஸைப் பார்த்து விலகு விலகு என்று கத்தினார். அரங்கு விழுந்ததை ஒழுங்காகப் படம் பிடித்தவர்களை யாருக்கு ஞாபகம்? இவருடைய கத்தலைத்தான் உலகம் முழுக்கக் கேட்டது.

அதற்காக நீர் பஸ் நிலையத்துக்கு எதிரே கமராவை வைக்க வேண்டாம்.