'சாங்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அனுமதி, தடை என்று இரண்டு எதிர்ப் பொருள்கள் இருப்பது ஏன்? எங்கே எந்தப் பொருள் என்று எப்படி அறிவது?

வங்கியில் 'லோன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்று சொன்னால் மகிழ்கிறோம், செய்தியில் 'ஈரான் மீது சாங்ஷன்' என்று வந்தால் அது தண்டனையாக இருக்கிறது, இரண்டும் ஒரே சொல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே சொல்தான்; எழுத்திலும் உச்சரிப்பிலும் எந்த வேறுபாடும் இல்லை. ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையிலும், இந்தச் சொல்லில் இருமுறை தவறியவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் இச்சொல்லை அனுமதி என்ற பொருளில்தான் முதலில் அறிகிறோம். எங்கள் வீட்டில் நிலப் பத்திரத்தோடு சேர்த்து, மஞ்சள் துணிப் பையில் அப்பா பாதுகாத்துவந்த வீட்டுக்கடன் 'சாங்ஷன் லெட்டர்'தான் நான் பார்த்த முதல் சாங்ஷன். மின்கட்டண அட்டையில் உள்ள, அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் குறிக்கும் 'சாங்ஷண்டு லோட்', அரசு அலுவலகங்களில் பணியிட எண்ணிக்கையைக் குறிக்கும் 'சாங்ஷண்டு ஸ்ட்ரெங்த்' ஆகியவையும் இதே வகை. அதனால், 1998ஆம் ஆண்டு மே 11, 13 ஆகிய நாள்களில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்து, இந்தியா தொடர்பாக அமெரிக்கா சாங்ஷன் அறிவித்ததாக ஆங்கில நாளிதழில் படித்தபோது, அதே செய்தியில் உலக வங்கிக் கடன் பற்றியும் இருந்ததால், அமெரிக்கா நமக்குக் கடன் அனுமதித்துவிட்டது என்றே புரிந்துகொண்டேன். நடந்தது நேர்மாறானது. அடிப்படை மனிதத் தேவைகளுக்கானவை தவிர மற்றக் கடன்களை இந்தியாவுக்கு வழங்கக் கூடாது என்று உலக வங்கியில் அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவித்ததும் அந்தத் தண்டனை நடவடிக்கைகளுள் ஒன்று.

இந்த முரண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரோமானியச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. லத்தீனில் 'சாங்கீரே' என்ற வினைக்குப் புனிதமாக்குதல், மீற முடியாதபடி நிலைநிறுத்துதல் என்று பொருள். வேடந்தாங்கலைக் குறிக்கும்போது நாம் சொல்லும் 'பேர்ட் சாங்சுவரி'யில் உள்ள சாங்சுவரியும், புனிதரைக் குறிக்கும் 'செயிண்ட்' என்ற சொல்லும் இதன் உறவினர்கள். பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், கி.பி. 533இல் வெளியான சட்டப் பாடநூல், நகரின் மதில்களும் வாயில்களும் ஏன் புனிதமானவை எனப்படுகின்றன என்று விளக்குகிறது: மதிலுக்குக் கேடு செய்தவனுக்கு மரண தண்டனை உண்டு, ஆகவே அது புனிதம், அதே காரணத்தால், சட்டத்தை மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் பகுதிகளுக்கு 'சாங்ஷியோ' என்று பெயர். ஒன்றைச் சட்டமாக்கி உறுதிப்படுத்தும் செயலும், அதை மீறினால் வரும் தண்டனையும் ஒரே கருத்தின் இரு முனைகளாக அங்கே நிற்கின்றன. ஆங்கிலத்தில் முதல் முனை அனுமதி ஆயிற்று. இரண்டாம் முனை தண்டனை ஆயிற்று. நாடுகளுக்கிடையேயான தண்டனை என்ற பொருள் முதல் உலகப் போருக்குப் பின் பரவியது. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் எடுத்த நடவடிக்கை அதன் பெயர்பெற்ற தொடக்ககால எடுத்துக்காட்டு. தமிழிலும் 'ஆணை' என்ற சொல் கட்டளையையும் 'உன்மேல் ஆணை' என்னும் சூளுரையையும் ஒருசேரத் தாங்குகிறது. கட்டுப்படுத்தும் வலிமைதான் அங்கும் பொது.

இனி, பிரித்தறியும் வழிக்கு வருகிறேன். பெயர்ச்சொல்லாக வரும்போது அதிகச் சிக்கல் இல்லை. பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்து, 'ஆன்' (மீது) அல்லது 'அகெயின்ஸ்ட்' (எதிராக) தொடர்ந்தால் அது பெரும்பாலும் தண்டனை. 'இம்போஸ்' (விதி), 'லிஃப்ட்' (நீக்கு), 'ஈஸ்' (தளர்த்து) போன்ற வினைகள் அதனுடன் சேரும். ஒருமையில் வந்து, 'அக்கார்ட்' (வழங்கு), 'அப்டெய்ன்' (பெறு) போன்ற வினைகளோடு சேர்ந்தால் அனுமதி. ஊழல் தடுப்புச் சட்டம் 1988இன் 19ஆம் பிரிவில் வரும் 'சாங்ஷன்' சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். அரசு ஊழியர்மீது வழக்கு நடத்த முன்கூட்டியே பெற வேண்டிய இசைவு அது. விளைவு தண்டனையில் முடியலாம் என்றாலும் சொல்லின் பொருள் அனுமதியே.

உண்மையான இடர் 'சாங்ஷண்டு' என்ற வடிவில்தான் இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில், 'யூஎன்-சாங்ஷண்டு ஃபோர்ஸ்' என்று வந்ததை 'ஐ.நா. தடைவிதித்த படை' என்று மொழிபெயர்த்தேன். அப்படியே அச்சாகியும் விட்டது. நான்காம் நாள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. என் வரியைப் பொடி எழுத்தில் அப்படியே எழுதி, 'தடைவிதித்த' என்பதன் கீழ் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் 'ஒப்புதல் பெற்ற' என்று மட்டும் எழுதியிருந்தார். வேறு ஒரு சொல்கூட இல்லை. அந்த அட்டை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு, இந்த வடிவம் வந்தால் முன்னால் நிற்கும் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. 'யூஎஸ்-சாங்ஷண்டு டேங்கர்' என்றால் அமெரிக்காவின் தண்டனைப் பட்டியலில் உள்ள எண்ணெய்க் கப்பல். 'ஸ்டேட்-சாங்ஷண்டு' என்றால் அரசின் ஒப்புதலோடு நடப்பது. இரண்டின் அமைப்பும் ஒன்றே என்பதால், குறிக்கப்படும் படை, கப்பல் போன்றவற்றின்மேல் அந்த அதிகாரத்துக்கு நல்லெண்ணமா பகையா என்பதைச் செய்தியின் மற்ற வரிகளிலிருந்துதான் அறிய முடியும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு கவனமும் தேவை. 'பேன்', 'எம்பார்கோ', 'சாங்ஷன்ஸ்' மூன்றையும் நாம் 'தடை' என்றே எழுதிவிடுகிறோம். எம்பார்கோ என்பது வணிகத்தை நிறுத்துவது, 1977இல் ஐ.நா. பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதங்கள் விற்பதைத் தடுத்தது அத்தகையது. சாங்ஷன்ஸ் அதைவிட விரிந்தது. சொத்து முடக்கம், பயணத் தடை, கடன் மறுப்பு எல்லாம் அதில் அடங்கும். ஆகவே நான் அனுமதிப் பொருளுக்கு 'இசைவு' அல்லது 'ஒப்புதல்' என்றும், மற்றதற்கு இடம் இருந்தால் 'தண்டனை நடவடிக்கைகள்' என்றும் எழுதுகிறேன். தலைப்பில் இடம் போதாதபோது மட்டும் 'பொருளாதாரத் தடை' என்று போட்டு, முதல் பத்தியிலேயே எவையெவை முடக்கப்பட்டன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.