எண்பது பேருக்கு ஒரே கடிதம்

அன்புள்ள ஐயா,

வேதியியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். ஜெர்மனியில் பிஎச்.டி. செய்ய ஆசை. எண்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. இரண்டு லட்சம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. கட்டலாமா? ஜெர்மன் எவ்வளவு தெரிய வேண்டும்? அண்ணன் சென்ற ஆண்டு முனைவர் பட்டம் வாங்கினான். அவனுக்கு வழி உண்டா?

மீனா

அன்புள்ள மீனா,

கட்டாதீர்கள். மொழியைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். வேதியியல் ஆய்வகங்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். அண்ணன், வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு ஜெர்மனியில் ஆய்வு செய்ய உதவும் ஹம்போல்ட் அறக்கட்டளையின் ஆய்வு நிதியைப் பார்க்கட்டும். பட்டம் வாங்கிய நான்கு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அறிவியல் துறைகளில் அங்கே பிஎச்.டி. என்பது பெரும்பாலும் ஒரு வேலை. ஒப்பந்தம் போட்டு, அரசுச் சம்பள அட்டவணையின் 13ஆம் நிலையில் பாதியோ 65 சதவீதமோ மாதாமாதம் தருவார்கள். சம்பளம் தரும் வேலைக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்? காலியிடங்கள் டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்திலும் பல்கலைக்கழகப் பக்கங்களிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் பிஎச்.டி. பள்ளிகளையும் பாருங்கள்.

ஆனால் என்னை உறுத்தியது அந்த எண்பதுதான். டிரெஸ்டனில் ஆய்வு செய்த என் தங்கை மகன், தன் குழுத் தலைவருக்கு வந்த ஒரு மின்னஞ்சலைக் காட்டினான். நம் ஊர்ப் பையன் எழுதியது. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கியது. அந்தப் பேராசிரியர் ஒரு பெண். ‘உங்கள் மகத்தான ஆய்வுகள்’ என்றிருந்தது, எந்த ஆய்வு என்று இல்லை. இரண்டாம் பத்தியில் எழுத்தின் அளவே வேறு, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறான். இணைப்பிலிருந்த மதிப்பெண்கள் பிரமாதம். அந்த இணைப்பை அவர் திறக்கவே இல்லை. கெட்டிக்காரப் பையன், பாவம்.

நம் ஊர்க் கவுன்சிலிங் மாதிரி மேலிருந்து யாரும் இடம் ஒதுக்க மாட்டார்கள். ஒரு பேராசிரியர் உங்களை ஏற்க வேண்டும். மூன்று நான்கு வருடம் உங்கள் பிழைகளோடு மல்லுக்கட்டப் போகிறவர் அவர். அவருடைய கட்டுரை ஒன்றைக்கூட முழுதாகப் படிக்காமல் எழுதுவது மரியாதையா? எண்பது பேரில் எத்தனை பேரைப் படித்தீர்கள்? படித்திருந்தால் எண்பது பேருக்கு எழுத நேரமே இருந்திருக்காது.

ஐந்து பேர் போதும். சமீபத்திய கட்டுரையை எடுத்து உட்காருங்கள். புரியாத இடத்தைக் குறித்து அதையே கேளுங்கள். எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் உங்கள் கையால் செய்த ஒரு சோதனை அதோடு எங்கே சேர்கிறது என்று நான்கு வரி எழுதுங்கள். தோற்றுப்போன சோதனை என்றாலும் சரி, ஏன் தோற்றது என்று சொல்லத் தெரிந்தால் போதும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம்.

முதல் கடிதத்தை அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள். எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், கேட்பேன்.