மலைப் பிள்ளைகளுக்குக் கடல் எதற்கு?

மதிப்புக்குரிய ஐயா,

தோட்டப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கிறேன். தரம் 10 பிள்ளைகளைக் காலி கடல்சார் நூதனசாலைக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “மலையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கப்பல் எதற்கு, டீச்சர்? நுவரெலியா போதாதா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஓர் ஆசிரியை, ஹட்டன்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவசியம் கூட்டிப்போங்கள். கடல் தாண்டாமல் கண்டிச் சீமைக்கு வந்த குடும்பம் நம் தோட்டத்து லயன் வீடுகளில் ஏது? தோட்ட வேலைக்காக ராமநாதபுரக் கரையில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தவர்கள் நம் முன்னோர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல்தான்.

என் பாட்டி தன் பெட்டியில் ஒரு தகர வில்லை வைத்திருந்தார். அவருடைய அப்பா கடல் தாண்டி வந்தபோது கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பதற்கு அதில் பொறித்திருந்த எண்தான் அடையாளம். கயிறு கோத்த துளையின் ஓரம் தேய்ந்து மெலிந்திருந்தது. சிறு வயதில் அதை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். என்னைப் பொறுத்தவரை கடல் வரலாறு அந்தத் துளையில் தொடங்குகிறது.

காலி நூதனசாலை இருப்பது ஒல்லாந்தர் கட்டிய பண்டகசாலையில். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ‘அவொன்ட்ஸ்டர்’ கப்பலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்தியாவுக்குப் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது நங்கூரம் பிடிவிட்டு அமிழ்ந்த கப்பல் அது. கண்டி மலைநாட்டுப் பாக்குக்குத் தமிழகக் கரையில் அந்தக் காலத்தில் நல்ல கிராக்கி. மலையின் விளைச்சலும் கடலை நம்பித்தான் இருந்தது.

திரும்பும் வழியில் கொழும்பு தேசிய நூதனசாலையில் இறங்குங்கள். சீனப் பேரரசரின் சார்பில் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல். காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்ததை 1911இல் கண்டெடுத்தார்கள். சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தேவேந்திரமுனைக் கோயிலின் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. சீனப் பேரரசரே இந்தத் தீவின் கரையில் தமிழில் பேசியிருக்கிறார்! அதன் முன்னால் அவசரப்படாதீர்கள். இடப்பக்கம் மேலே இருப்பது தமிழ். பிள்ளைகளை எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திணறுவார்கள், திணறட்டும். ஓர் எழுத்து பிடிபட்டால்கூட அந்த முகங்களை நீங்கள் மறக்கமாட்டீர்கள்.

புறப்படுமுன், கேள்வி கேட்ட அந்தப் பெற்றோரிடம் போய், அவருடைய பாட்டன் எந்தக் கரையில் தோணி ஏறினார் என்று கேளுங்கள். பஸ்ஸில் ஓர் இடம் இருந்தால் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.