ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் தேட 3,500 ரூபாய் புத்தகம் வேண்டுமா?

கேள்வி: என் மகள் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே ஆங்கிலச் சொற்போட்டி நடக்கும். ‘ஐந்து எழுத்து, அதில் ஐ, எக்ஸ் இரண்டும் வர வேண்டும்’ என்று சொல்லி 10 நிமிடம் கொடுப்பார்கள். போன தடவை மூன்று சொல்லோடு நின்றுவிட்டாள். அடுத்த மாதம் க்யூ எழுத்து வருமாம். பக்கத்து ஊர்ப் பயிற்சி மையம் ஒன்றில் சொல் பட்டியல் புத்தகமும் மாதிரித் தேர்வும் சேர்த்து 3,500 ரூபாய் கேட்கிறார்கள். 500 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? - ஒரு தாய், கருங்கல்

பதில்: கட்டாதீர்கள்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேர்டில் என்ற இணைய விளையாட்டை விலைக்கு வாங்கியது. அந்த விளையாட்டு பரவியதிலிருந்து ஐந்தெழுத்துச் சொல் பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. அதை அப்படியே அச்சடித்து, பளபளப்பாக அட்டை போட்டு விற்கிறார்கள். அதில் வருவது பெரும்பாலும் அமெரிக்க எழுத்துக்கூட்டல். கலர், ஹானர், லேபர், ஹ்யூமர் எல்லாம் அமெரிக்காவில் ஐந்தெழுத்து. நம் பாடப்புத்தகத்தில் யூ சேர்ந்து ஆறெழுத்து. பணம் கொடுத்து மனப்பாடம் செய்த பிள்ளை அதை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் அடிப்பார். புத்தகம் விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

சரி, மகளுக்கு வருவோம். ‘எக்ஸ் வரும் சொல் என்ன, என்ன’ என்று மனதைப் போட்டுத் துழாவினால் மூன்றோடுதான் நிற்கும். தாளில் ஐந்து கோடு போடச் சொல்லுங்கள். கேட்ட எழுத்துகளில் எது அரிதோ, அதை முதலில் ஒரு கோட்டில் உட்கார வைக்க வேண்டும். எது அரிது என்பதற்கு, எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் விளையாட்டின் பெட்டியே சாட்சி. அதிலுள்ள 100 கட்டைகளில் இ எழுத்துக்கு 12, ஐ எழுத்துக்கு 9. எக்ஸ், க்யூ, ஜே, கே, இசட் தலைக்கு ஒன்றுதான்.

எக்ஸ் முதல் எழுத்தாக வருவதை மறந்தே விடுங்கள். இரண்டாவது கோட்டில் வைத்தால் முன்னால் ஓர் உயிரெழுத்து வேண்டும்: எக்ஸிஸ்ட், எக்ஸைல், ஆக்ஸைடு, ஆக்ஸியம். மூன்றாவது கோட்டில் வைத்தால் அள்ளலாம்: சிக்ஸ்த், சிக்ஸ்டி, மிக்ஸ்டு, ஃபிக்ஸ்டு, பிக்ஸல், டாக்ஸிக். நான்காவதில் நேரத்தை விட வேண்டாம். ஐந்தாவதில் இண்டெக்ஸ், ஹீலிக்ஸ். இத்தனையும் ஐ சேர்ந்த சொற்கள்தான், எண்ணிப் பாருங்கள்.

க்யூ இன்னும் சுலபம். க்யூவோடு யூவையும் ஒட்டி ஒரே எழுத்தாக வைத்துக்கொள்ளட்டும். மீதி மூன்று கோடுதான், அதில் முதலாவது கண்டிப்பாக உயிரெழுத்து. ஏ வைத்தால் குவாக், குவெய்ல், குவேக். இ வைத்தால் குயின், குவெரி, குவெஸ்ட், வரிசையில் நிற்கிறோமே அந்த க்யூ. ஐ வைத்தால் குயிக், குயில்ட், அப்புறம் குவையட் (quiet), குவைட் (quite). இந்தக் கடைசி இரண்டிலும் அதே ஐந்து எழுத்துகள்தான், இடம்தான் மாறுகிறது. ஒன்றை எழுதியதும் மற்றதையும் எழுதப் பழக்குங்கள். ஓ வைத்தால் குவோட்டா, குவோட். அதன்பிறகு க்யூவை நடுவே நகர்த்தினால் ஈக்வல், ஸ்குவாட், குளச்சல் பக்கம் கணவாய் என்கிறோமே அந்த ஸ்குவிட்.

இதில் ஒரு விலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் குறிப்பாக இங்கேதான் மாட்டுகிறார்கள். யூ இல்லாமலும் க்யூ வரும். உடனே அவர்களுக்கு ஞாபகம் வருவது கத்தார். மாமாவோ சித்தப்பாவோ அங்கே வேலை பார்ப்பார். பார்சல் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். ஐந்தெழுத்து, க்யூ இருக்கிறது, யூ இல்லை, எல்லாம் சரி. ஆனால் அது நாட்டின் பெயர், போட்டியில் செல்லாது. ஈராக்கும் அப்படியே, அதோடு அது நான்கெழுத்து. அப்படியானால் எது செல்லும்? அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பொதுச் சொற்கள் செல்லும். புர்கா, நிகாப், தலாக், ஃபகீர், தொழும் திசையைக் குறிக்கும் கிப்லா. ஐந்துமே ஐந்தெழுத்து, ஐந்திலும் க்யூ. தேங்காப்பட்டணத்திலோ திருவிதாங்கோட்டிலோ இருக்கும் பிள்ளை இவற்றை வீட்டிலும் தெருவிலும் கேட்டே வளர்கிறது, ஆனால் ஆங்கில அகராதியில் இவை இருப்பதை யாரும் அதற்குச் சொல்வதில்லை. ஒரு எச்சரிக்கை: பள்ளிப்பிள்ளைகளுக்கான சின்ன அகராதியில் இவை எல்லாம் இருக்காது, காலின்ஸ் போன்ற பெரிய அகராதியில் இருக்கும். ஃபகீரை கே போட்டும் எழுதுவார்கள், அப்போது க்யூ காணாமல் போய்விடும். ஆகவே மகள் இவற்றை எழுதுவதாக இருந்தால், எந்த அகராதியை வைத்துத் திருத்துவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதைத்தான் எந்தப் பள்ளியும் சொல்வதில்லை. அகராதி எது, எஸ் சேர்த்த பன்மை செல்லுமா, அமெரிக்க எழுத்துக்கூட்டல் செல்லுமா என்று மூன்று வரி அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட என்ன கஷ்டமோ! சுற்றறிக்கையில் விருந்தினர் பெயர் பெரிதாக இருக்கும், விதி இருக்காது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்து, பதிலையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

போனில் தேட ஒன்லுக் (OneLook) என்ற சொல் தேடும் இணையதளம் போதும், காசு கிடையாது. ஒரு கேள்விக்குறி ஓர் எழுத்துக்குச் சமம். எக்ஸ் இரண்டாவதாக வர வேண்டுமானால் ஒரு கேள்விக்குறி, எக்ஸ், பின்னால் மூன்று கேள்விக்குறி. வரும் பட்டியலில் ஆள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் கலந்திருக்கும், அவற்றைத் தள்ளுங்கள். சொல் தேடும் ஆப் எதையும் இறக்காதீர்கள். ‘ஏழு நாள் இலவசம்’ என்று கார்டு எண்ணைக் கேட்கும் ஆப், எட்டாம் நாள் உங்கள் கணக்கில் கை வைக்கும். பெரிய அகராதி பார்க்க நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

இன்னொன்று. மாதிரித் தேர்வு முடிந்ததும் ‘உங்கள் மகள் மண்டல அளவுக்குத் தேர்வாகிவிட்டாள்’ என்று ஒரு போன் வரும். அதற்குத் தனிக் கட்டணம், பிறகு மாநில அளவுக்கு வேறு கட்டணம். இந்த மாதிரி இடங்களில் பணம் கட்டிய பிள்ளை தோற்று நான் பார்த்ததில்லை. பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷனும் உண்டு. அந்த ஆள் சில சமயம் உங்களுக்குத் தெரிந்த, மரியாதைக்குரிய ஆளாகவே இருப்பார், அதனால்தான் மறுக்க முடியாமல் போகிறது.

கொடுத்த 500 ரூபாய்க்கு ரசீது வாங்கினீர்களா? புத்தகத்தை இன்னும் கையில் வாங்கவில்லை என்றால், ‘எனக்கு வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். வாயால் மட்டும் சொன்னால் நாளைக்கு மறுத்துவிடுவார்கள். தர மாட்டோம் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ‘புத்தகத்தையாவது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று மீதி 3,000 ரூபாய்க்கு இழுப்பார்கள். 500 போனாலும் பரவாயில்லை என்று எழுந்து வந்துவிடுங்கள்.