ஆயர் இல்லத்தில் எழுத்தர் வேலை: இருப்பதா, விடுவதா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு, தென்மாவட்டம் ஒன்றில் கத்தோலிக்க ஆயர் இல்ல அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. திருச்சபைக்கு ஊழியம் செய்யும் ஆசையில்தான் சேர்ந்தேன். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை சான்றிதழ், தபால் பதிவு, முத்திரை, போன். இதில் ஊழியம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வருகிறவர்கள் ‘இன்றைக்கே வேணும்’ என்று சத்தம் போடுகிறார்கள். ஆர்.சி. பள்ளியில் வேலைக்கு ஆயரிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி சொந்தக்காரர்கள் நச்சரிக்கிறார்கள். போன வாரம் என் அத்தை, தன் மகனுக்குப் பேசிவைத்திருக்கும் பெண்ணின் முதல் திருமணம் பற்றிய கேஸ் கட்டு எங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். முடியாது என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். சம்பளமும் குறைவு. கேட்கலாம் என்றால், ‘சாமி காரியத்துக்குக் கணக்குப் பார்ப்பார்களா’ என்கிறார் அம்மா. தனியார் கம்பெனிக்குப் போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அத்தை விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். நீங்கள் செய்தது முழுக்கச் சரி. இதில் உங்களுக்குத் துளிகூட மனக்குழப்பம் வேண்டாம். மறைமாவட்ட (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் கடமையை உண்மையாகச் செய்வதாகவும் இரகசியம் காப்பதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 471ஆம் எண்ணில் சொல்கிறது. ஒருவருடைய நிலை சம்பந்தப்பட்ட பதிவின் நகலை அவரே கேட்கலாம், அவர் அனுப்பும் ஆள் கேட்கலாம். அதுவும் பொதுத் தன்மை உள்ள ஆவணங்களுக்குத்தான். திருமணம் செல்லுமா என்று விசாரிக்கும் திருச்சபைத் தீர்ப்பாயத்தின் கட்டு அந்த வகையில் வராது. ஒரு பெண் தன் வாழ்க்கையில் நடந்த மிகக் கசப்பான விஷயங்களை, வேறு யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில் அங்கே எழுதிக் கொடுத்திருப்பாள். ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால்கூட அந்த நம்பிக்கை உடைந்துவிடும்.

அத்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: “அந்தப் பெண்ணுக்கு முன்பு திருமணம் நடந்திருந்தால், அது செல்லாது என்ற தீர்ப்பையோ கணவரின் இறப்புச் சான்றையோ காட்டாமல் எந்தப் பங்குத்தந்தையும் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கமாட்டார். திருமண விசாரணையில் இரண்டு பேரையும் தனித்தனியே கேட்பார். அதற்கு முன்பே தெரியவேண்டும் என்றால் உங்கள் மகன் அந்தப் பெண்ணிடமே கேட்கட்டும்.” கோபம் கொஞ்ச நாள் இருக்கும். இருக்கட்டும்.

வேலைக்குச் சிபாரிசு கேட்பவர்களுக்கு இன்னும் சுலபமான பதில் இருக்கிறது. விண்ணப்பத்தை எழுதித் தபாலில் கொடுக்கச் சொல்லுங்கள். வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, எல்லாருடைய தாளும் போகும் மேசைக்கே அதையும் அனுப்புங்கள். சொந்தக்காரர் தாள் மேலே, மற்றவர் தாள் கீழே என்று ஒரு முறை அடுக்கிவிட்டால் அப்புறம் அதை நிறுத்தவே முடியாது.

இனி உங்கள் பெரிய கேள்வி. சான்றிதழும் முத்திரையுமாகப் போகும் நாளில் ஊழியம் எங்கே என்கிறீர்கள். நானும் ஓர் ஆயர் இல்லத்தில் பல காலம் இதே வேலையைப் பார்த்தவள் என்பதால் இதை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்ட ஒரு பாட்டி எங்களிடம் வந்தார். திருமணச் சான்று இல்லாமல் பணம் வராது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊர் பெயரைச் சொன்னார், தேதி தெரியவில்லை. அந்த ஊர்ப் பங்கில் (பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயிலில்) தேடியாகிவிட்டது, அப்படிப் பதிவே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தேதியை விட்டுவிட்டு, கல்யாணத்தை ஒட்டிக் கோயிலில் என்ன நடந்தது என்று கேட்டோம். “சாம்பல் புதனுக்கு முந்தின வாரம். அன்றைக்கு எங்களோடு சேர்த்து நிறைய ஜோடி” என்றார். சாம்பல் புதனோடு தொடங்கும் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் அதற்கு முந்தின வாரம் எப்போதும் கூட்டம்தான். பிப்ரவரியை ஒட்டிய சில பக்கங்களைப் பார்த்தால் போதும். சரி, எந்தப் பதிவேட்டில்? அவர் சொன்ன ஊர் இன்றைக்குத் தனிப் பங்கு. கல்யாணம் நடந்தபோது அது பக்கத்துப் பங்கின் கிளை ஊர். தாய்ப் பங்குக்கு எழுதினோம். அங்கே பதிவு இருந்தது, ஆனால் இலத்தீனில். மாப்பிள்ளை பெயர் ‘பெத்ருஸ்’. ஓய்வூதியப் புத்தகத்திலோ ‘ராயப்பன்’. இரண்டும் பேதுருவின் பெயர்தான். பதிவில் உள்ளபடியே சான்றிதழ் எழுதி, இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று பங்குத்தந்தை தனியாகக் கடிதம் கொடுத்தார். அதற்கு ஆயர் இல்ல ஒப்பமும் முத்திரையும் வைத்தோம். பாட்டிக்குப் பணம் வந்தது. இந்த வேலையில் ஜெபப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. ஆனாலும் இதை ஊழியம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இப்படித் தேடுவதற்கு உங்களுக்கு ஊர் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973இலும் சிவகங்கை 1987இலும் மதுரையிலிருந்து பிரிந்தவை. 2003இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் பிரிந்தது, 2014இல் கோட்டாற்றிலிருந்து குழித்துறை. 1965இல் திண்டுக்கல்லில் ஞானஸ்நானம் பெற்றவர் அன்றைக்குத் திருச்சி மறைமாவட்டத்துக்காரர். உங்கள் மறைமாவட்டத்தில் எந்தப் பங்கு எந்த வருடம் எதிலிருந்து பிரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூத்த குருக்களிடம் கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள்.

இன்னொரு தாளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரக் குறிப்புக் கட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், துறவியரின் நிரந்தர வார்த்தைப்பாடு எல்லாம் அங்கே ஏற வேண்டும். தூத்துக்குடியில் ஞானஸ்நானம் பெற்ற பையன் சென்னையில் கல்யாணம் செய்தால், அங்கிருந்து ஓர் அறிவிப்புத் தாள் தூத்துக்குடிப் பங்குக்கு வர வேண்டும். வந்ததை அந்தப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். திருமணத்துக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றிதழைக் கேட்கும் வழக்கம் இதனால்தான். ஓரத்தில் ஒன்றும் இல்லை என்றால் ஆள் தனியாள் என்று பொருள். இந்த அறிவிப்புத் தாள்கள் மேசை ஓரத்தில் அப்படியே தங்கிவிடுவது உண்டு. யாரும் வந்து கேட்கமாட்டார்கள், யாரும் சத்தம் போடமாட்டார்கள். ஆனால் ஒரு தாள் தங்கிவிட்டால், ஏற்கனவே கல்யாணமான ஒருவன் சுத்தமான சான்றிதழோடு இன்னொரு பெண்ணைக் கட்ட வந்து நிற்க முடியும். உங்கள் மேசைக்கு அப்படித் தாள் வந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். உங்கள் வேலையில் எதை முதலில் செய்வது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து, விலக்கு கேட்டு வரும் விண்ணப்பங்கள். மாமன் மகளும் அத்தை மகனும் நம் ஊரில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை. திருச்சபைச் சட்டத்தின் 1091ஆம் எண்படி அது பக்க வழியில் நான்காம் படி இரத்த உறவு (பொதுவான தாத்தா பாட்டி வரை இரண்டு படி ஏறி, மறுபக்கம் இரண்டு படி இறங்கும் கணக்கு). ஆயரின் விலக்கு இல்லாமல் அந்தத் திருமணம் செல்லாது. வீட்டில் பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் பல பேருக்கு இது தெரியவரும். ஆகவே விண்ணப்பம் வந்ததும் அதன் தலையிலேயே கல்யாணத் தேதியைச் சிவப்பில் எழுதி ஆயருக்கு அடுத்த நிலையில் நிர்வாகம் பார்க்கும் முதன்மைக் குருவின் மேசைக்கு அனுப்புங்கள். தேதி கண்ணில் படாததால் கட்டு அடியில் போய்விட்டது என்று ஒரு குடும்பம் தவிக்கக் கூடாது.

பிறந்த தேதியை மாற்றிக் கொடு என்று வருகிறவர்கள்தான் அதிகம் கோபப்படுவார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஞானஸ்நானப் பதிவில் ஒரு தேதி. நீங்கள் வெள்ளை மையை எடுக்கவே கூடாது. பழைய பதிவை அழிக்காமல், ஆதாரம் பார்த்து, உரிய அனுமதியோடு ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதுவதுதான் முறை. 1969ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் மூலப் பதிவைத் தொடாமல் ஓரத்தில்தான் திருத்தம் எழுதச் சொல்கிறது. அரசாங்க ஆபீசிலும் இதே விதிதான் என்று சொன்னால் பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள்.

சத்தம் போடுகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர்களில் பெரும்பாலோர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். வந்த பிறகு ‘பங்குத்தந்தை கடிதம் இல்லையே’ என்றால் யாருக்கும் ஆத்திரம் வரும். எந்தக் காரியத்துக்கு என்னென்ன தாள் வேண்டும், கையெழுத்துப் போடும் தந்தை எந்தெந்த நாள் இருப்பார் என்று பெரிய எழுத்தில், எளிய தமிழில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். அதையே எல்லாப் பங்குகளுக்கும் சுற்றறிக்கையோடு அனுப்பலாமா என்று வேந்தர் தந்தையிடம் (ஆயர் இல்ல ஆவணங்களுக்குப் பொறுப்பான குரு) கேளுங்கள். சத்தம் குறைந்துவிடும். ஒருவேளை தாள் குறைவாகத்தான் வந்தார் என்றால், குறைவது என்ன என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வாயால் சொன்னது பஸ் ஏறுவதற்குள் மறந்துவிடும்.

சம்பளத்துக்கு வருகிறேன். அம்மாவின் பக்தியை மதிக்கிறேன், ஆனால் அவர் சொன்னதை ஏற்க மாட்டேன். சாமி காரியம் என்பதால்தான் கணக்கு இன்னும் சரியாக இருக்க வேண்டும். தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இலேயே உலகத்துக்கு எழுதினார். இன்றைய திருச்சபைச் சட்டம் இன்னும் நேராகவே பேசுகிறது. திருச்சபைப் பணியில் இருக்கும் பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் மருத்துவ வசதியும் உரிமை என்கிறது 231ஆம் எண். சொத்து நிர்வாகிகள் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைக் கவனமாகப் பின்பற்றி, நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்கிறது 1286ஆம் எண். எனவே சம்பளம் கேட்பதில் தவறே இல்லை. திருச்சபை தானே எழுதிவைத்த கடமையைத்தான் நீங்கள் நினைவூட்டுகிறீர்கள்.

போகிற போக்கில் வராந்தாவில் வைத்துக் கேட்காதீர்கள். பொருளாளர் தந்தையிடம் நேரம் வாங்கி, ஒரு பக்கக் கடிதத்தோடு போங்கள். நீங்கள் பார்க்கும் வேலைகள், சேர்ந்த நாள், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், வருங்கால வைப்புநிதி, விடுப்பு எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். குரல் தாழ்ந்திருக்கட்டும், கேட்பது தெளிவாக இருக்கட்டும். உங்களோடு வேலை செய்பவர்களும் இதே நிலைமையில் இருந்தால் சேர்ந்தே எழுதுங்கள். ‘பார்க்கலாம்மா’ என்று பதில் வந்தால், எப்போது தெரியும் என்று மரியாதையாக ஒரு தேதி கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கடைசியில், போவதா இருப்பதா? உங்கள் கடிதத்தைப் படித்தவரை இந்த வேலை உங்களுக்கு வரும். அத்தையே கேட்டும் வாய் திறக்காதவர் ஒரு மறைமாவட்டத்துக்குச் சுலபத்தில் கிடைக்கமாட்டார். அதனால் இருங்கள் என்றுதான் எனக்குச் சொல்ல ஆசை. ஆனால் அந்த வருமானத்தில் வீடு ஓடவில்லை, கேட்டும் பதில் இல்லை என்றால் வேறு வேலை தேடுங்கள். கடவுளை விட்டுப் போகிறோம் என்ற பயமே வேண்டாம். கம்பெனியில் கணக்கு எழுதுகிறவரும் விசுவாசிதான். அப்படிப் போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். நிலுவையில் உள்ள விலக்கு விண்ணப்பங்கள், அனுப்பாத அறிவிப்புத் தாள்கள், தேடிப் பாதியில் நிற்கும் பதிவுகள், யாருடைய போன் எண்ணுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் பட்டியல் போட்டு வேந்தர் தந்தையிடம் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பங்குகளின் பிரிவு வரலாறு எழுதிய நோட்டை அடுத்து வருகிறவருக்காக மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.