எண் ஒன்று, வரிசை இரண்டு

கேள்வி: ரஸ்ட் மொழியில், பிஎன்ஜி படத்தின் அகலத்தைச் சொல்லும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். கோப்பின் 16 முதல் 19 வரையுள்ள நான்கு பைட்டுகளை எடுத்து, யூ32 (குறியற்ற 32 பிட் முழு எண்) வகையின் ஃப்ரம்_எல்இ_பைட்ஸ் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தேன். ஸ்லைஸாக, அதாவது பைட்டுத் தொடரின் ஒரு துண்டாக, கொடுத்ததைக் கம்பைலர் ஏற்கவில்லை. அதை நிலையான நீளமுள்ள அரேயாக மாற்ற முயலும் ட்ரை_இன்டூவும், அந்த மாற்றம் தோற்றால் நிரலை நிறுத்திவிடும் அன்ராப்பும் சேர்த்த பிறகு ஓடியது. ஆனால் 800 வர வேண்டிய இடத்தில் 53,70,67,520 வருகிறது. பாயிண்டரை (நினைவக முகவரியை) யூ32 வகைக்கு மாற்றி நேரடியாகப் படித்தாலும் அதே எண்தான். பிழை எங்கே?

பதில்: உங்கள் கோப்பில் அந்த நான்கு பைட்டுகளும் 0, 0, 3, 32 என்று இருக்கும். பிஎன்ஜி வடிவத்தில் எண்ணின் உயர்மதிப்புப் பைட்டுதான் முதலில் வரும் என்பதால், 3 × 256 + 32 என்று கணக்கிட வேண்டும், 800 கிடைத்துவிடும். நீங்கள் அழைத்த ஃபங்ஷனோ தாழ்மதிப்புப் பைட்டு முதலில் இருப்பதாகக் கொண்டு, கடைசியில் நிற்கும் 32ஐ 1,67,77,216ஆல் பெருக்கிவிட்டது. உயர்மதிப்புப் பைட்டு முதலில் என்று படிக்கும் ஃப்ரம்_பிஇ_பைட்ஸ் என்று மாற்றுங்கள். பாயிண்டர் வழியில் உங்கள் கணினிச் சில்லின் வரிசை தானாகவே வந்து சேர்கிறது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது தாழ்மதிப்பு முதலில் வரும் வரிசை என்பதால் அதே தவறான எண் வந்தது. எந்த வரிசை என்பதைக் கோப்பின் வடிவமே தீர்மானிக்கிறது, நிரல் ஓடும் இயந்திரம் அல்ல. ஆகவே அதை நிரலில் பெயர் சொல்லி எழுதிவிடுவதே நேர்மையான வழி. 2019 ஜனவரியில் வந்த ரஸ்ட் 1.32 முதல் இந்த ஃபங்ஷன்கள் மொழியோடு சேர்ந்தே கிடைக்கின்றன.

ஸ்லைஸின் நீளம் நிரல் ஓடும்போதுதான் தெரியும். ஃபங்ஷனோ சரியாக நான்கு பைட்டுள்ள அரேயைக் கேட்கிறது. கம்பைலர் மறுத்ததற்குக் காரணம் அதுதான். பலர் அந்த அன்ராப்பைப் பார்த்து அஞ்சுகிறார்கள்; நான்கு பைட்டுகளை வெட்டி எடுத்தாகிவிட்ட பிறகு அது தோற்க வழியே இல்லை. ஆபத்து அதற்கு முந்தைய படியில், வெட்டும் இடத்தில் இருக்கிறது: பாதியில் அறுந்து 12 பைட்டுகளோடு நின்றுவிட்ட கோப்பு வந்தால், நிரல் அங்கேயே பேனிக் ஆகி நின்றுவிடும். சதுர அடைப்புக்குறிக்குப் பதிலாக கெட் மெத்தடிடம் 16..20 என்ற எல்லையைக் கொடுத்தால் நன் (None), அதாவது 'எதுவும் இல்லை' என்ற விடை வரும். அதைப் பார்த்துப் பிழைச்செய்தியைத் திருப்பி அனுப்பலாம்.

பாயிண்டர் வழியைக் கைவிடுங்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். பிஎம்பி படத்தில் அகலம் 18ஆவது இடத்தில் தொடங்குகிறது. 18 நான்கால் வகுபடாத எண். யூ32 பாயிண்டர் ஒன்று நான்கின் மடங்காக அமையாத, அதாவது சீரமையாத, அத்தகைய முகவரியிலிருந்து படிப்பது, சில் பொறுத்துக்கொண்டாலும், ரஸ்டின் விதிப்படி வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது விளைவு என்னவாகும் என்று மொழி உறுதி தராத செயல் ஆகும். சீரமையாத முகவரியிலிருந்தும் படிக்கும் ரீட்_அன்அலைன்ட் அந்தக் குறையை நீக்கும், வரிசைக் குறையை நீக்காது. வேகத்திலும் ஆதாயம் இல்லை: ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால், ஃப்ரம்_பிஇ_பைட்ஸ் எக்ஸ்86 சில்லில் நினைவகத்திலிருந்து எடுக்க ஒன்று, பைட்டுகளைத் திருப்ப ஒன்று என இரண்டே கட்டளைகளாகச் சுருங்கிவிடும்.

சோதனை எழுதும்போது 0, 0, 0, 0 போன்ற பைட்டுகளைத் தராதீர்கள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அவை ஒரே விடையைத் தரும். 1, 2, 3, 4 கொடுத்து, 1,69,09,060 வருகிறதா என்று பாருங்கள்.